ஊர்ப் பேரன்

நீதிபதி அந்தப் புகைப்படத்தை வெகுநேரம் பார்த்தார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று வாக்குப்பெட்டியைத் திறந்து மறுபடி எண்ண உத்தரவு வரும் என்று அவளுடைய வக்கீல் சொல்லியிருந்தார்.

ஊராட்சித் தலைவர் தேர்தலில் அவள் ஜெயித்துவிட்டதாகத்தான் முதலில் சொன்னார்கள். எண்ணிய இடத்தில் மின்சாரம் போனது. வந்தது. பிறகு தோற்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து வழக்கு.

தலைவர் நாற்காலியில் அதே ஊராட்சியின் இன்னொரு ஊர்க்காரி. அந்தப் பதவிக்காலமும் பெரும்பகுதி கழிந்துவிட்டது. முன்பிருந்த நீதிபதிகள் தேதி கொடுத்தார்கள். இவர் மட்டும்தான் காது கொடுத்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவேயில்லை. மனுதாரரின் ஊரோடு ஐயாவுக்கு உறவு இருக்கிறது, ஆகவே ஐயா இந்தத் தேர்தல் வழக்கை விசாரிப்பது முறையல்ல என்றார். ஆதாரமாக அந்தப் படத்தைக் கொடுத்தார்.

கோயில் திருவிழாவுக்கு வைத்த ஃப்ளெக்ஸ் பேனர்.

நடுவில் நீதிபதியின் முகம்.

‘எங்கள் ஊர்ப் பேரனே, வருக வருக.’

சுற்றிலும் ஊர்க்காரர்களின் முகங்கள். கீழ்மூலையில், கைகூப்பியபடி அவள்.

வைத்தவன் அவளுடைய கொழுந்தன் மலைராசு. நீதிபதியின் தாய் தங்கள் ஊரில் பிறந்தவர் என்பதை அவன்தான் விசாரித்துக் கண்டுபிடித்தான். ஊரே பூரித்துப்போனது. பெரிய மனிதருக்கு மரியாதை செய்வதில் என்ன தப்பு என்று கேட்டான். அவளுக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். முதன்முறையாக நேராக அவளிடம் பேசினார்.

“நான் அந்த ஊரைப் பாத்ததே இல்லம்மா.”

அவள் தலையசைத்தாள். அது அவளுக்கும் தெரியும்.

தட்டச்சர் விசைகளின் மேல் விரல் வைத்துக் காத்திருந்தார்.

பிறகு நீதிபதி தணிந்த குரலில் சொல்லச் சொல்ல, அவர் தட்டச்சு செய்தார். இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன். பக்கத்து மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றப் பரிந்துரைக்கிறேன்.

வெளியே வந்ததும் வக்கீல் விளக்கினார். வழக்குக் கட்டு அங்கே போய்ச் சேர வேண்டும். புது நீதிபதி முதலிலிருந்து படிக்க வேண்டும். அதற்குள் அடுத்த தேர்தலே வந்துவிட்டால், திறப்பதற்குப் பெட்டி இருக்கும், கேட்பதற்கு வழக்கு இருக்காது.

பேருந்தில் மலைராசு அவள் பக்கம் திரும்பவில்லை. முன்னிருக்கையின் கம்பியை இறுகப் பிடித்திருந்தான். திட்டினால் தாங்கிக்கொள்வான் போலிருந்தது. அவள் திட்டவில்லை.

ஊருக்கு ஊர் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள்.

ஆற்றுப்பாலம் தாண்டியதும் அவன் மெல்லக் கேட்டான்.

“மதினி, அங்க இருக்க ஜட்ஜய்யாவுக்கு சொந்த ஊரு எதுவாம்?”

அவள் வாய் திறப்பதற்குள், அந்த மாவட்டத்தில் பெண் கொடுத்திருந்த சித்தப்பாவை அவன் கைபேசியில் அழைக்கத் தொடங்கிவிட்டான்.