நாற்பத்தேழாவது வரி

மறுபடியும் நாற்பத்தேழாவது வரியைக் காணோம்.

நேற்றுதான் திருப்பிப் போட்டேன். காலையில் கணினியைத் திறந்தால் நாற்பத்தாறுக்கு அடுத்து நாற்பத்தெட்டு பல்லை இளிக்கிறது. மூன்றாவது தடவை. சே, என்ன பிழைப்பு இது!

கடல் கடந்து வந்து நான் பார்க்கும் ஆக்சுவரி உத்தியோகம் இதுதான். வெளிநாட்டுக் கட்டட வேலைக்குப் போகிறவர்களில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் சாவார்கள் என்று பழைய சாவுகளை வைத்துக் கணக்குப் போட வேண்டும். ஆறு நாட்டுக் காப்பீட்டுக் கம்பெனிகள் எங்கள் பட்டியலுக்குக் காத்திருக்கின்றன. இன்று மதியம் அது கிளம்பிவிடும். போனால் போனதுதான், ஐந்து வருடத்துக்கு யாரும் அதைத் தொட முடியாது.

வரியை அழிப்பது எங்கள் மேலாளர். நான் வைத்த பெயர் துடைப்பம். கணக்கில் எது துருத்திக்கொண்டு நின்றாலும் ‘சுத்தம் செய்’ என்று பெருக்கித் தள்ளிவிடுவார். தமிழ் தெரியாதவர், ஒருநாள் அந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்டார். ‘ஒழுங்குக்குப் பேர்போனவர்’ என்று சொல்லி வைத்தேன். மனிதர் பூரித்துப்போனார்.

இந்த வரி துருத்திக்கொண்டுதான் நிற்கிறது. வயது இருபத்தொன்பது. சாரம் கட்டுகிறவர். மருத்துவப் பரிசோதனையில் தேறி, வேலைக்குச் சேர்ந்து ஐந்தே மாதம். தூக்கத்தில் இயற்கை மரணம்.

துடைப்பத்தின் கணக்கில் அப்படி ஒருவர் சாக வாய்ப்பே இல்லையாம். யாரோ தப்பாகத் தட்டியிருப்பார்களாம். இவர் என்றைக்காவது பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாரா? வெயில் என்று எழுத யாருக்கும் கை வராமல் இயற்கை என்று எழுதிவிட்டார்கள். இவருக்கு அதுவும் உறுத்துகிறது.

பக்கத்து மேசைக்காரர், எங்கள் அலுவலகத்தின் இன்னொரு தமிழர், எட்டிப் பார்த்தார். “ஒத்த வரிக்கு ஏம்ப்பா இப்படி மல்லுக்கு நிக்கிற? விட்டுத் தொலை.”

“விட்டா அப்படி ஒரு சாவே நடக்கலன்னு ஆயிடும் சார்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

வரியைத் திரும்பப் போட்டேன். அரை மணி நேரத்தில் துடைப்பத்திடமிருந்து குறிப்பு வந்தது. நேரில் பார்த்த சாட்சி உண்டா? இருந்தால் கட்டத்தில் எழுது, வரி இருக்கட்டும். இல்லாவிட்டால் அழித்துவிடு.

சாட்சியாம்! எட்டு வருடத்துக்கு முந்தைய சாவுக்கு மதியத்துக்குள் சாட்சி கேட்கிறார். என்ன ஜென்மமோ.

எரிச்சலில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். இந்த அலுவலகத்தில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தட்டினேன்.

‘விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, இவர்தான் என்று கையெழுத்துப் போட்டவன் நான். என் அண்ணன்.’