அதே குரல்

"நான்தாம்மா பேசறேன்! என் குரல்கூடவா தெரியல?"

"குரல் நல்லாவே தெரியுது, சார். அதுதான் பயமா இருக்கு" என்றாள் அவர் கம்பெனியின் ரிசப்ஷன் பெண்.

மேனேஜர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் தவித்துக்கொண்டு நின்றார். அவருடைய போன் சற்றுமுன் வாளித் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டிருந்தது. அவர்கள் கம்பெனி செய்யும் ஆஸ்பத்திரிக் கட்டிலின் வரைபடம் அதற்குள்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளே, யாரிடம் கட்டில் வாங்குவது என்று முடிவு செய்யும் தேர்வுக் குழு உட்கார்ந்திருக்கிறது. அடுத்து இவர் முறை. இந்த ஆர்டர் கை நழுவினால் இரண்டாவது பட்டறைக்குப் பூட்டுதான், முப்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டும். இவரோ வாசல் காவலாளியிடம் கெஞ்சி வாங்கிய போனில் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"வரைபடத்தை இந்த நம்பருக்கு அனுப்பு. ரொம்ப அவசரம்மா!"

"புது நம்பர், அவசரம், ஃபைல் அனுப்பு. எல்லாமே வகுப்புல சொன்ன மாதிரியே இருக்கு, சார்."

அந்த வகுப்பை ஏற்பாடு செய்ததே மேனேஜர்தான். செயற்கை நுண்ணறிவு இப்போது யார் குரலிலும் அச்சு அசலாகப் பேசும், ஏமாந்தவர்களுக்கு வேலை போய்விடும் என்று ஊழியர்களைக் கூட்டி வைத்து முழங்கினார். "என் குரலே கேட்டாலும் நம்பாதீங்க, மூணு கேள்வி கேளுங்க" என்று சொன்னவரும் அவர்தான். சொல்லிவிட்டு, வகுப்பு தொடங்கியதும் நைசாக நழுவியவரும் அவரேதான்.

"எனக்கேவா? அறிவிருக்கா உனக்கு?"

"கத்தினா நம்பிடணும்னு வகுப்புல சொல்லல, சார்."

"சரி, கேட்டுத் தொலை!"

"உங்க கல்யாண நாள்?"

மேனேஜர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். வருடா வருடம் அதை அவருக்கு ஞாபகப்படுத்துபவளே இவள்தான்.

"பதினாலு... இல்ல, பதினாறு. மாசம்... மழைக்காலம்மா!"

"பொண்ணு எத்தனாவது படிக்குது?"

"ஏழாவது." சற்று யோசித்தார். "எட்டுக்குப் போயிட்டாளோ?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "நம்ம கம்பெனி ஆரம்பிச்ச வருஷம்?"

"வாசல் போர்டுலதானே எழுதியிருக்கு, எட்டிப் பாரேன்!"

"சார், சார்ஜ் தீரப் போகுது" என்று காவலாளி கையை நீட்டினார். உள்ளே கம்பெனி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. முப்பது பேர் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே என்று மேனேஜருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

காதில் வைத்திருந்த போன் சிணுங்கியது. வரைபடம் வந்துவிட்டது.

"எல்லாமே தப்பாச் சொன்னேனேம்மா. எப்படி நம்பினே?"

"அரை மணி நேரம் முன்னாடி உங்க குரல்லயே ஒருத்தர் இதே வரைபடத்தைக் கேட்டார், சார். மூணு கேள்விக்கும் பதில் சரி. கல்யாண நாளைக்கூட டக்குனு சொல்லிட்டார். அங்கதான் மாட்டிக்கிட்டார்!"