உரசும் சக்கரம்

தன் முட்டி ஆபரேஷனுக்குப் பிறகும், ஞாயிறுதோறும் சைக்கிளில் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கடற்கரைக்கு ஆஸ்மாதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். கணவர் ரஷீது மூச்சு வாங்கப் பின்னால் வருவார். பாவமாயிருந்தது. ஒரு வெள்ளி அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரம் அவருடைய சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

“பின்சக்கரம் சரியாச் சுத்தலண்ணே. பேரிங் போயிருச்சா?”

கடைக்காரர் கதிரேசன் சுற்றிப் பார்த்தார். “பேரிங் நல்லாத்தான் இருக்கும்மா. பிரேக் கட்டை ரிம்மை உரசுது.”

“அப்ப லூசாக்கி விடுங்க.”

அவர் தயங்கினார். “உங்க ஆபரேஷன் முடிஞ்சதும் அவரேதான் வந்து இறுக்கச் சொன்னாரு.”

ஆஸ்மா சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்படியே இருக்கட்டும்ணே. நான் வந்தது அவருக்குத் தெரிய வேணாம் லா.”

அந்த ஞாயிறு தன் சைக்கிளின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே ஓட்டினாள். இருவரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள்.