கார்டை எடுத்தால் போதும்

சுதர்ஷனின் மேசைமேல் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தொம்மென்று வைத்தார் லக்ஷ்மிநாராயணன்.

"இந்த சிபியூல இருக்கற கிராபிக்ஸ் கார்டைக் கழட்டணும். இப்பவே."

"சார், இது கேபினட். சிபியூங்கிறது உள்ளே இருக்கிற சின்னச் சிப்பு."

மட்டாஞ்சேரியில், சுக்கு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் கடை போட்ட நாளிலிருந்து சுதர்ஷன் இந்தத் திருத்தத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். கேட்டுத் திருந்தியவர் ஒருவருமில்லை. சொல்வதை அவனும் விடவில்லை.

"ஏதோ ஒண்ணு. இதுல இனிமே கேம் ஓடப்படாது."

அவருக்குப் பின்னால் காய்கறிப் பையோடு மனைவி கங்கா. அவளுக்கும் பின்னால், பிளஸ் டூ படிக்கும் மகள் ஸ்நேஹா. முகம் உம்மென்று இருந்தது.

"ஃபிசிக்ஸ்ல அறுபதுக்குப் பதினாறு!" என்றார் லக்ஷ்மிநாராயணன். "பெட்டியோட வித்துடறேன்னுதான் நின்னேன். இவ அம்மாதான், கார்டை மட்டும் எடுத்தா போறும், ஆட்டம் தானா நின்னுடும்னா."

"ஞாயித்துக்கிழமை ஆன்லைன் ஃபுட்பால் செமிஃபைனல் ஆக்கும்!" ஸ்நேஹாவின் குரல் உடைந்தது. "கலூர் டீமோட! கோல் போஸ்ட்ல நிக்கற கோலி நான்தான். நான் இல்லேன்னா எங்க டீமே அவுட்."

"கோலி ரெண்டு நாள் புஸ்தகத்தைப் பிடிக்கட்டும்," என்றாள் கங்கா.

"ஃபோனைப் பிடுங்கியாச்சு. இப்போ இது. அடுத்தது என்ன, என் ரூம் ஃபேனா?"

"ஃபேன் இருக்கட்டும். வேர்வை சொட்டினா புஸ்தகம் நனைஞ்சுடும்."

இப்படியும் ஒரு அம்மா என்று நினைத்தபடி சுதர்ஷன் திருகாணிகளைக் கழற்றினான். அப்பாவாவது கத்திவிட்டு அடங்கிவிடுகிற ரகம். இந்த மாமி சிரிக்காமல் குத்துகிறவள்.

கார்டை உருவி எடுத்தான். மானிட்டர் வயரைப் பெட்டியின் பின்னாலிருந்த வேறொரு துளையில் மாட்டி, சரிபார்ப்பதற்காக ஸ்விட்சைப் போட்டான்.

திரையில் பளிச்சென்று படம் வந்தது.

சுதர்ஷனுக்குப் புரிந்துவிட்டது. இது தனக்குள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸை வைத்திருக்கிற பிராசஸர். விலை குறைந்த ஜாதிதான். ஆனால் ஆட்டத்தின் பகட்டைக் கொஞ்சம் குறைத்து வைத்தால், கால்பந்து விளையாட இதுவே தாங்கும். கார்டை எடுத்தது, முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த மாதிரி.

நிமிர்ந்தான். ஸ்நேஹா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது! அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"நில்லு," என்றார் லக்ஷ்மிநாராயணன். "கார்டைத்தான் எடுத்தாச்சே? அப்புறம் எப்படிப் படம் வர்றது?"

இவ்வளவு சரியான கேள்வியை இந்தக் கடையில் இதுவரை யாரும் கேட்டதில்லை. சுதர்ஷனின் நாக்கு துறுதுறுத்தது. பதில் அவனிடம் தயாராக இருந்தது, வரலாற்றுக் குறிப்புகளோடு. சொன்னால் சாயங்காலத்துக்குள் பெட்டி விற்பனைக்குப் போய்விடும். அதுவும் தெரிந்தது. நாக்குக்குத்தான் தெரியவில்லை.

"அது வந்து சார், பிராசஸருக்குள்ளேயே..."

"படம் வரலேன்னா பாடம் எப்படிப் பார்ப்பாளாம்?" கங்கா குறுக்கே வெட்டினாள். "ஆன்லைன் கிளாஸ் இருக்கோன்னோ? அவனைப் போட்டு நச்சரிக்காதேங்கோ."

"செரி செரி. கேம் ஓடாதே?"

ஸ்நேஹா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"பழைய மாதிரி ஓடாது, சார்."

பொய்யில்லை. அந்த முதல் இரண்டு சொற்களை மட்டும் சுதர்ஷன் சற்று மென்று விழுங்கினான்.

"மதி. அது போறும்!" கார்டைத் தன் தோள்பையில் போட்டுக்கொண்டு, சுக்குக் காரத்தில் இரண்டு தும்மல் தும்மினார் லக்ஷ்மிநாராயணன். "வா மோளே, ஆட்டோ பிடிக்கலாம்."

"இப்போ சந்தோஷமாம்மா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அப்பா திரும்பிய சமயம் பார்த்து சுதர்ஷனுக்கு ஒரு கண் சிமிட்டல் போட்டாள் ஸ்நேஹா. அப்பாவுக்குப் பின்னால் தடதடவென்று படியிறங்கினாள்.

சுதர்ஷன் பெட்டியின் மூடியை எடுத்தான்.

"மூடாதே," என்றாள் கங்கா.

காய்கறிப் பைக்குள் கைவிட்டாள். முருங்கைக்காய்களுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டி வந்தது. உள்ளே புத்தம் புதிய ரேம், மெமரிப் பட்டை ஒன்று.

"இதையும் சொருகு. சட்டுனு. ஆட்டோ வந்துடும்."

"மாமி, இது..."

"கார்டுன்னா சொந்தமா மெமரி உண்டு. பிராசஸரோட கிராபிக்ஸுக்கு ஏது? இருக்கற ரேம்லேர்ந்துதான் பங்கு கேக்கும். ஒத்தை ரேம்ல ஆடினா பந்து திக்கித் திக்கி வரும். கோலி எப்படிப் பிடிப்பா?"

சுதர்ஷன் வாயைத் திறந்தான். திருத்துவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. ரேமை வாங்கி, பழையதற்குப் பக்கத்துத் துளையில் வைத்தான்.

"பக்கத்துல இல்லைடா. ஒண்ணு விட்டு ஒண்ணு. அப்போதான் ரெண்டும் சேர்ந்து இழுக்கும்."

அவன் காது சிவந்தது. மாற்றிச் சொருகினான். கீழே ஆட்டோ ஹாரன் கேட்டது.

"மாமி, ஸ்நேஹா உங்களைத் தப்பா நினைச்சுட்டுப் போறா. நான் சொல்லட்டுமா?"

"வாயைத் திறக்காதே," என்றாள் கங்கா, முருங்கைக்காய்களைச் சரியாக அடுக்கியபடி. "கேட்டா நீதான் போட்டேன்னு சொல்லி நல்ல பேரை வாங்கிக்கோ. நான் ராட்சசியாவே இருக்கேன். ஆத்துல ஒருத்தர்கிட்டயாவது பயம் இருந்தாத்தான் ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஃபிசிக்ஸ் புஸ்தகத்தைத் திறப்பா."