மூலையில் கிடந்த புகைக்குழாய்

மலையடிவாரத்து வீடொன்றின் குளியலறையில் கேஸ் பாய்லர் வைத்தார்கள். முதலில் தண்ணீர்க் குழாயை இணைத்தார்கள். திறந்ததும் வெந்நீர் ஆவி பறக்கக் கொட்டியது. வீட்டாருக்கு வாயெல்லாம் பல். புகைக்குழாய்க்குச் சுவரில் துளை போட வேண்டும், சுவரோ கருங்கல். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று பிளம்பர் கிளம்பிவிட்டார்.

புகைக்குழாய் மாட்டப்படாமல் மூலையில் கிடந்தது.

"அண்ணே, என்னை மாட்டுற வரைக்கும் எரியாதீங்க" என்று பாய்லரைக் கெஞ்சியது.

"வீடே என்னைப் புகழுது. உனக்குப் பொறாமையா?" என்றது பாய்லர்.

"இல்லண்ணே. நீங்க விடுற மூச்சு வெளியே போகணும். இங்கேயே தங்கினா ஆளைக் கொன்னுடும்."

"எனக்கு ஒரு வாடையும் தெரியலையே" என்று தண்ணீர்க் குழாய் குறுக்கே பேசியது.

மூன்றாம் நாள் சுவரிலிருந்த பல்லி பொத்தென்று விழுந்து செத்தது. புகைக்குழாய் அதைக் காட்டியது.

"கிழட்டுப் பல்லி. ஆயுசு முடிஞ்சிருக்கும்" என்றது பாய்லர்.

மறுநாள் காலையில் கடுங்குளிர். வீட்டு மருமகள் செண்பகவல்லி குளிக்க உள்ளே வந்து, கதவையும் ஜன்னலையும் இறுகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பாய்லர் உற்சாகமாக எரிந்தது. புகைக்குழாய் கத்திய கத்தல் யார் காதிலும் விழவில்லை. வெகுநேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கதவை உடைத்தார்கள்.

செண்பகவல்லியின் காரியமெல்லாம் முடிந்தபின் பிளம்பர் தானாகவே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு மணி நேரத்தில் கருங்கல்லைக் குடைந்து, புகைக்குழாயைப் பொருத்திவிட்டுப் போனார்.

"இவ்வளவு நேரந்தான் ஆகுமா?" என்று பாய்லர் மெல்லக் கேட்டது.

"அவ்வளவுதாண்ணே" என்றது புகைக்குழாய்.

அதன்பின் அந்தப் பாய்லரை யாரும் பற்றவைக்கவில்லை.