கைக்கும் தாள்

வட்டக்கச்சி வீட்டுக் குசினியில் நிரோஜா அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நக்கிப் பார்க்க ஆளுக்கொரு சோதனைத் தாள் கொடுத்தாள். “நாக்கில இருக்கிற கலங்களின்ர மென்சவ்வுப் புரதம் ஒண்டுதான் இதில தடவின மருந்தின்ர கைப்பை அறியும்.”

அப்பா பரமேஸ்வரன் நக்கிப் பார்த்தார். “ஒண்டுமில்லை. தாள் நக்கவோ இவ்வளவு காலம் கம்பஸில படிச்சனி? எங்கட மாடு படிக்காமலே நக்குதே.”

“எனக்கெண்டால் கைக்குது. இது பரம்பரையா வாறது. அப்பிடியெண்டால் பெத்தவையில ஓராளுக்காவது கைக்க வேணும் அப்பா.”

அவருடைய இளிப்பு நின்றது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

சிவலட்சுமி அவசரமாகத் தன் தாளை நக்கி முகத்தைச் சுளித்தார். “வேப்பெண்ணெய் மாதிரியெல்லோ கைக்குது.”

“கொம்மாவின்ர நாக்கு வேற எப்பிடி இருக்கும்,” என்று ஏளனமாகச் சொல்லிவிட்டு அப்பா வெளியே போனார்.

நிரோஜா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவள் அம்மாவிடம் கொடுத்திருந்தது, மருந்து தடவாத வெறும் தாள்.