மூன்றாவது சுற்று

"லைன்ல எந்தக் கோளாறும் இல்லை சார். என் டிஷ் மேல சத்தியம் பண்ணிச் சொல்றேன்."

போனில் மேலதிகாரி எரிந்து விழுந்தார். "அடுத்தடுத்து ரெண்டு சுத்து வீணாப் போச்சு. கோளாறு இல்லாம கட்டளை எப்படிய்யா மேல போகாம இருக்கும்? மூணாவதும் தவறுச்சுன்னா, நாளைக்கு நீ வேற வேலை தேடிக்க!"

'சிக்னல்' என்று ஆபீசே செல்லமாகக் கூப்பிடும் அந்தப் பொறியாளர் போனை வைத்துவிட்டுப் பக்கத்து மேஜையைப் பார்த்தார். கணினி முன்னால் டாக்டரம்மா கல்லாகச் சமைந்திருந்தார்.

விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிதான் அவருடைய சோதனை. அதற்குள் மனித இதயத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் கடுகளவுக்குத் திரண்டு துடித்துக்கொண்டிருந்தன. கீழேயிருந்து கட்டளை போனால் பெட்டிக்குள் மருந்து இறங்கும். துடிப்பு நின்று, செல்கள் கெடாமல் ஆராய்ச்சிக்குத் திரும்பி வரும். போகாவிட்டால், நாளைக்குள் அழுகிவிடும். பூமியைச் சுற்றிவரும் நிலையம் இங்குள்ள டிஷ் ஆன்டெனாவின் பார்வையில் இருப்பது சுற்றுக்கு ஒன்பது நிமிடம். இன்றைக்கு இனி மிச்சம் ஒரே சுற்று.

"கவலைப்படாதீங்கம்மா. உங்க ரெண்டு வருஷ உழைப்பைக் கோட்டை விட்டுடுவேனா? கேபிள் கேபிளாத் தடவிப் பாத்துட்டேன்."

"இந்த இதய நோய் வந்த பிள்ளைங்களுக்கு மருந்து கண்டுபிடிக்க இது ஒண்ணுதான் வழி," என்றார் டாக்டரம்மா, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

"அப்புறம் என்னம்மா, ஜமாய்ச்சிடலாம்!"

மூன்றே முக்காலுக்கு டிஷ் திரும்பியது. திரையில் பெட்டிக்குள்ளிருந்து படம் வந்தது. நடுவில் ஒரு புள்ளி விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி...

"லைன் பளிச்சுனு இருக்கு. அனுப்புங்கம்மா!"

ஒரு நிமிடம். மூன்று. ஐந்து. புள்ளி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. கணினிப் பதிவை ஓட்டிப் பார்த்த சிக்னல் திடுக்கிட்டார். அந்த மேஜையிலிருந்து இன்று முழுக்க ஒரு கட்டளைகூடக் கிளம்பவே இல்லை.

"என்னம்மா இது? நீங்க பட்டனையே அழுத்தலையா? என் வேலைக்கே உலை வெச்சிட்டீங்களே!"

"மன்னிச்சிடுங்க சார். கை வரலை."

"கை வரலையா? கத்தியை எடுத்து ஆபரேஷனா பண்றீங்க? ஒரு பட்டன்மா! இன்னும் ரெண்டு நிமிஷம்தான்!"

டாக்டரம்மா திரையில் அந்தப் புள்ளியை ஒரு விரலால் தொட்டார். பிறகு கண்ணை இமைக்காமல் பட்டனை அழுத்தினார்.

புள்ளி விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரியவில்லை.

"போயிடுச்சு! ஜெயிச்சிட்டீங்கம்மா!" கைதட்டிய சிக்னல் சட்டென்று நிறுத்தினார். "ஐயோ, எதுக்கும்மா அழறீங்க?"

"நின்ன நேரம் என்ன சார்?"

"மூணு அம்பத்திரண்டு. அதெல்லாம் கம்ப்யூட்டர்ல தானா ஏறிடும்மா. நீங்க ஏன் மெனக்கெட்டுக் கேக்கறீங்க?"

"என் பொண்ணோட இதயம் சார் அது," என்றார் டாக்டரம்மா. "ஆஸ்பத்திரியில முதல் தடவை நின்னப்ப, நான் பக்கத்துல இல்லை."